நியாயமான பயம்

கீதனைச் சுட்ட பொலிஸ்காரரின் பெயரை அவனுடைய அக்கா நிலாணிக்கு யாரும் சொல்லவில்லை. விசாரணை அறிக்கையில் அவருடைய பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. மாமாவின் மகன் ஜெனோசனின் பெயரோ, அவனைக் கைது செய்த அன்று மாலையே படத்தோடு செய்தியில் வந்துவிட்டது. இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒன்றரை வருட இடைவெளியில் நடந்தவை.

கீதனுக்கு முப்பத்துநான்கு வயது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது மனநோய் வந்து, படிப்பு பாதியில் நின்றுபோனது. அம்மா யோகராணியோடு, உயர்மாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில் இருந்தான். மருந்து ஒழுங்காக எடுக்கும் நாட்களில் அவனைப்போல நல்ல பிள்ளை இல்லை. லிஃப்ற் பழுதானால் அயலவர்களின் சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறுவான். சத்தம் மட்டும் ஆகாது. அம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு போனால் காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய் இருந்துவிடுவான்.

அன்று ஓகஸ்ட் மாதத்து மத்தியானம். குசினியில் நின்று வத்தகப்பழம் வெட்டிக்கொண்டிருந்தான். கட்டடத்தின் தீ அபாய மணி அடிக்கத் தொடங்கியது. யாரோ எதையோ கருக்கிவிட்டார்கள். அது மாதத்தில் இரண்டு மூன்று தடவை நடப்பதுதான். ஆனால் அன்று அது நிற்காமல் அடித்தது. கீதன் கதவைத் திறந்துகொண்டு வெளி நடைபாதைக்கு ஓடினான். கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற நினைவு அவனுக்கு வரவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். கத்தி வலது கையில், தலைக்குப் பக்கத்தில், நுனி மேலே பார்த்தபடி இருந்தது.

யாரோ பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். கத்தியோடு ஒருவன் நிற்கிறான் என்றார்கள். இரண்டு பொலிஸ்காரர்கள் படியேறி வந்து நடைபாதையின் மறு அந்தத்தில் நின்றார்கள். கத்தியைப் போடு என்று கத்தினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காதைப் பொத்தியவனுக்கு என்ன கேட்கும்? யோகராணி கதவடியில் நின்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் சேர்த்து, “சிக்! மை சன் சிக்!” என்று அலறினார். கீதன் பொலிஸ்காரர்கள் நின்ற பக்கம் திரும்பி நாலைந்து அடி வைத்தான். மூன்று வெடி.

அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டுக் கதவு இருந்தது. பாரமான இரும்புக் கதவு. அதற்குள் போய்ச் சாத்திக்கொண்டு நின்றிருந்தால் போதும். நிலாணி அந்தக் கதவைப் பலதடவை திறந்து, சாத்திப் பார்த்திருக்கிறாள். சிறுபிள்ளைகூடச் சாத்தலாம்.

பொலிஸை விசாரிப்பதற்கென்று இருக்கும் அலுவலகம் மாதக்கணக்கில் விசாரித்து அறிக்கையை இணையத்தில் போட்டது. அதில் கீதனுக்கும் பெயர் இல்லை. ‘முறைப்பாட்டாளர்’ என்று எழுதியிருந்தார்கள். செத்தவன் எங்கே போய், யாரிடம் முறைப்பட்டான் என்று நிலாணி அதை வாசித்துக்கொண்டிருந்த கணினியைப் பார்த்துக் கத்தினாள். சுட்டவர் விசாரணையாளர்களோடு பேச மறுத்திருந்தார். தன் குறிப்புப் புத்தகத்தையும் கொடுக்கவில்லை. அது அவருடைய உரிமை. அப்படியிருந்தும் அவர் பயந்திருப்பார் என்றும், அந்தப் பயம் நியாயமானது என்றும், உயிராபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பிச் சுடும் பொலிஸ்காரரைச் சட்டம் பாதுகாக்கிறது என்றும் எழுதியிருந்தது. குற்றச்சாட்டு இல்லை.

“அவர் வாயே திறக்கேல்லை. அவருக்குப் பயம் எண்டு இவைக்கு ஆர் சொன்னது?” என்று நிலாணி குடும்பத்துச் சட்டத்தரணியிடம் கேட்டாள்.

“மற்றப் பொலிஸ்காரர் சொன்னதை வைச்சும் கமெராவை வைச்சும் ஊகிக்கினம். சட்டத்தில அதுக்கு இடமிருக்கு, நிலாணி. பேசாமல் இருக்கிற உரிமை எல்லாருக்கும் இருக்கு.”

அந்த நாட்களில் மாமா அருள்நாயகம் வந்து ஆறுதல் சொன்னார். யோகராணியின் தம்பி. ஜன்னலும் கதவும் போட்டுக்கொடுக்கும் தொழில் செய்து, மில்லிக்கனில் பெரிய வீடு வாங்கியவர். சோபாவில் சாய்ந்திருந்துகொண்டு, “என்ன செய்யிறது பிள்ளை. கையில கத்தி இருந்ததுதானே. பொலிஸும் மனிசர்தான். அவைக்கும் பெண்டில் பிள்ளையள் இருக்கு” என்றார். யோகராணி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். நிலாணி அதற்குப் பிறகு மாமாவின் வீட்டுக்குப் போகவில்லை.

கீதன் செத்து ஒன்றரை வருடத்தில், ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் அடையாளம் தெரியவில்லை.

“பிள்ளை, ஜெனோசனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். விலங்கு போட்டு. என்ர வீட்டு வாசலில வைச்சு.”

காலையில் மாமாவும் மாமியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இருபத்துநாலு வயது ஜெனோசன் மட்டும் வீட்டில் நித்திரை. முன்கதவை உடைத்துக்கொண்டு இரண்டு பெடியன்கள் உள்ளே வந்தார்கள். வாசலில் நின்ற புது ஜீப்பைக் களவெடுக்க அதன் திறப்புத்தான் அவர்களுக்கு வேண்டும். ஜெனோசன் கிரிக்கெட் பேட்டோடு படியிறங்கி வந்தான். ஒருவன் கதவை உடைத்த இரும்புக் கம்பியை ஓங்க, ஜெனோசன் அவன் தோளில் அடித்தான். இருவரும் ஓடினார்கள். மற்றவன் தெருவில் காத்திருந்த காருக்குள் பாய்ந்துவிட்டான். தோளில் அடிபட்டவன் வாசலில் உறைபனியில் சறுக்கி விழுந்தான். ஜெனோசன் பின்னால் போய் அவன் தலையில் அடித்தான். ஒருமுறை அல்ல.

லூக்கஸ் என்ற அந்தப் பெடியனுக்குப் பதினேழு வயது. வைத்தியசாலையில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனான். ஜெனோசன்மேல் கொலைக் குற்றச்சாட்டு வந்தது. பல கிழமைகளுக்குப் பிறகு, வீட்டை அடமானம் வைத்து மாமா அவனைப் பிணையில் எடுத்தார்.

தமிழர் நிறைந்த ஸ்காபரோ முழுவதும் அதே பேச்சு. நிலாணி மோர்னிங்சைட்டில் ஒரு பல் வைத்தியரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறாள். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள்கூட அவள் கருவியை எடுக்கும் இடைவெளியில் அதையே கதைத்தார்கள். “வீட்டுக்குள்ள வந்தால் அடிக்காமல் தேத்தண்ணியே குடுக்கிறது?” என்றார் ஒருவர். நல்ல அடி என்றார் இன்னொருவர். ஜெனோசன் தன் மச்சான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கீதன் தன் தம்பி என்று முன்பும் சொன்னதில்லை. கீதனைப்பற்றி இப்படி ஒருவரும் கொதித்ததில்லை என்பது மட்டும் அவளுக்கு நெஞ்சில் கிடந்து எரிந்தது.

சித்திரை பிறந்த கையோடு மாமா வீடு தேடி வந்தார். ஒரு பிளாசாவின் பார்ட்டி ஹோலில் கூட்டம் வைக்கிறாராம். அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்கப் போகிறார்களாம்.

“வீட்டுக்குள்ள உடைச்சு வாறவனை வீட்டுக்காரன் என்ன செய்தாலும் கேஸ் இல்லை எண்டு சட்டம் வரவேணும். நீ வந்து நாலு வசனம் கதைக்கவேணும் பிள்ளை.”

“நான் என்னத்தைக் கதைக்க?”

“கீதனைப்பற்றி. பொலிஸ் ஒரு குற்றமும் செய்யாத பெடியனைச் சுட்டான், அவனுக்குக் கேஸ் இல்லை. என்ர மகன் சொந்த வீட்டைக் காப்பாத்தினான், அவனுக்குக் கொலைக் கேஸ். இதென்ன நியாயம் எண்டு கேள்.”

நிலாணி அவரையே பார்த்தாள். “ஒரு குற்றமும் செய்யாத பெடியனோ? கத்தி வைச்சிருந்தவன்தானே எண்டு சொன்னனீங்கள், மாமா.”

“அது அப்ப. எனக்குச் சட்டம் தெரியேல்லை.”

தொலைபேசியை எடுத்து வீடியோ காட்டினார். வீட்டுக்குள் இருந்த கமெரா. கதவு உடைவதும், கம்பி ஓங்குவதும், அடி விழுவதும், இருவரும் ஓடுவதும் தெரிந்தன. அதோடு முடிந்தது.

“மிச்சம் எங்க?”

“என்ன மிச்சம்?”

“முன்வீட்டுக்காரன்ர கமெராவில வாசலில நடந்ததும் இருக்காம். செய்தியில சொன்னவங்கள்.”

“அதை லோயர் பாப்பார்” என்று மாமா தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். “நீ வாறியோ, இல்லையோ?”

“வாறன்” என்றாள் நிலாணி.

ஹோல் நிறைந்திருந்தது. நூற்றுக்குமேல் சனம். பெரும்பாலும் வீட்டுக்காரர்கள். பாதிப் பேரின் வாசலிலிருந்து எப்போதாவது ஒரு கார் களவுபோயிருந்தது. அவர்களுடைய பயம் பொய்யில்லை என்பது நிலாணிக்கும் தெரியும். ஜெனோசன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். சனம் ஒவ்வொருவராகப் போய் அவன் தோளில் தட்டிவிட்டு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவன் சுருங்குவதை அவள் கண்டாள்.

மாமா ஒலிவாங்கியைப் பிடித்து அரைமணித்தியாலம் முழங்கினார். பிறகு, “என்ர மருமகள் நிலாணி கதைப்பா. பொலிஸ் அநியாயமாச் சுட்டுக்கொன்ற கீதன்ர அக்கா” என்று கூப்பிட்டார். கைதட்டினார்கள்.

நிலாணி எழுதிக்கொண்டு போகவில்லை.

“என்ர தம்பி ஒருநாள் லிஃப்ற்றில பிழையான மாடியில இறங்கிட்டான். எல்லாக் கதவும் ஒரே மாதிரி. பத்தாம் மாடியில, பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டுக்குள்ள போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஜூஸ் எடுத்துக் குடிச்சவன். அது ஒரு பிலிப்பீன் மனிசியின்ர வீடு. அவவின்ர மகன் அறைக்குள்ளயிருந்து சுத்தியலோட வந்தவன். ஆளைக் கண்டதும் கீதன் குசினி மூலைக்குள்ள குந்திட்டான். அந்தப் பெடியன் அதைப் பாத்திட்டு, சுத்தியலை மேசையில வைச்சவன். வைச்சுப்போட்டு எங்கட அம்மாவைத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்தவன்.”

அவள் ஒலிவாங்கியை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

“நீங்கள் கேக்கிற சட்டம் அண்டைக்கு இருந்திருந்தால், அவன் அடிச்சிருக்கலாம். கேஸ் இல்லை. என்ர தம்பி அண்டைக்கே போயிருப்பான். நீங்கள் எல்லாரும் அந்தப் பெடியனுக்குக் கூட்டம் வைச்சிருப்பியள்.”

“அது வேற, இது வேற!” என்று யாரோ கத்தினார்.

“என்ன வேற? வீட்டுக்குள்ள எண்டால், ஜெனோசனுக்கு இப்பவும் சட்டம் இருக்கு. ஆபத்து வந்து, பயந்து, தன்னைக் காப்பாத்த அடிச்சால், அது நியாயமான அடி எண்டால் குற்றமில்லை. எழுதியே கிடக்கு. நான் தம்பி செத்த பிறகு எல்லாத்தையும் வாசிச்சனான். கேஸ் வீட்டுக்குள்ள நடந்ததுக்கு இல்லை, வாசலில நடந்ததுக்கு. மாமா, அந்த வீடியோவையும் போட்டுக் காட்டுங்கோவன் இவைக்கு!”

மாமா ஒலிவாங்கியைப் பறிக்க வந்தார். அவள் விடவில்லை.

“பொலிஸுக்குக் குடுத்த சலுகையை எங்களுக்கும் தா எண்டு கேக்க வந்திருக்கிறியள். எனக்கு அது வேண்டாம். அந்தச் சலுகைதான் என்ர தம்பியைக் கொன்றது. நீங்கள் அதைப் பொலிஸிட்டயிருந்து பறிக்கச் சொல்லிக் கேளுங்கோ, நான் முதல் ஆளாக் கையெழுத்து வைக்கிறன். அப்ப ஆர் வந்தியள்? எங்கட வீட்டுக்கு எத்தினை பேர் வந்தியள்? வந்த நீங்களும் என்ன சொன்னனீங்கள், மாமா?”

கதிரைகள் இழுபட்டன. விசர், பைத்தியம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. குடும்பத்துக்கே உள்ளதாக்கும் என்று இன்னொரு குரல் சேர்ந்தது. மாமாவின் முகம் கறுத்துப்போயிருந்தது.

“வெளியில போ” என்றார் அவர். “இண்டையோட நீ என்ர அக்காவின்ர மகள் இல்லை.”

அவள் காரடிக்குப் போய்த் திறப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது ஜெனோசன் வந்தான். குளிர்ச்சட்டைகூடப் போடவில்லை.

“நிலாணி மச்சாள்.”

“என்ன? நீயும் பேசப்போறியோ?”

“இல்லை.” அவன் கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டான். “அவன் சொறி சொன்னவன். மன்னிப்புக் கேட்டவன்.”

“ஆர்?”

“லூக்கஸ். விழுந்து கிடக்கேக்க. நான் பேட்டைத் தூக்க, சொறி, சொறி எண்டு தலைக்கு மேல கையைப் பிடிச்சவன். ஐ ஹேர்ட் இற். கேட்டது எனக்கு.”

அவனைக் கட்டிப்பிடித்து அழவிட நிலாணிக்கு மனம் வரவில்லை. அவனை அறைந்துவிடுவேனோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

“உனக்குப் பயமா இருந்ததா?” என்று கேட்டாள்.

“உள்ளுக்க பயம். லைக், செத்துப்போவன் எண்ட மாதிரி.”

“வெளியில?”

“வெளியில கோபம்” என்றான். “எங்கட வீட்டுக்குள்ள எப்பிடி வருவான் எண்டு. ஜஸ்ற் கோபம்.”

“லோயரிட்டச் சொன்னியா?”

“சொன்னனான். அவர் கேட்டிட்டு, யோசிப்பம் எண்டவர். அப்பாதான் சொல்லுறார், பயம் எண்டே சொல்லு, சாகும்வரைக்கும் பயம் எண்டே சொல்லு, பொலிஸ்காரருக்கு அதுதானே வேலை செய்தது எண்டு.”

கீதனின் அறிக்கையைப் படித்து மாமா கற்றுக்கொண்டது இதுதான்.

“பொலிஸ்காரர் ஒண்டுமே சொல்லேல்லை, ஜெனோசன். அவற்ற பயத்தை ஆக்கள் இருந்து எழுதிக் குடுத்தவை. உனக்கு ஒருத்தரும் எழுதித்தரமாட்டினம். அதுக்காக, நீ பொய் சொல்லித்தான் ஆகவேணும் எண்டும் இல்லை. நான் உனக்கு ஒண்டும் சொல்லமாட்டன். உன்ர உயிர், உன்ர வாய். ஆனால் என்ர தம்பியைக் காட்டி நீ தப்பக்கூடாது. விளங்குதா?”

அவன் தலையாட்டினான். அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டுக் காரை எடுத்தாள்.

அடுத்த குளிர்காலம் வருமுன் வழக்கு முடிந்தது. கொலைக் குற்றச்சாட்டைக் குறைத்தார்கள். நோக்கமில்லாத கொலை என்று ஜெனோசன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல விருப்பமா என்று நீதிபதி கேட்டபோது அவன் எழும்பி நின்றான். வீட்டுக்குள் பயந்தேன், வாசலில் பயப்படவில்லை, கோபத்தில் அடித்தேன், அவன் மன்னிப்புக் கேட்டது எனக்குக் கேட்டது என்றான். சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார். மாமா இருக்கையிலிருந்து எழும்பி வெளியே போய்விட்டார். லூக்கஸின் தாய் ஸ்டெபனி, முன்வரிசையில் இருந்த மெலிந்த பெண், வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள். அது அழுகை மாதிரி இல்லை.

ஐந்து வருடம்.

நீதிமன்றத்துக்கு நிலாணி தன் அம்மாவோடு வந்திருந்தாள். யோகராணிதான் போகவேணும் என்று நின்றவர். தன் தம்பியின் மகன், சின்னவயதில் கீதன் தூக்கி விளையாட்டுக் காட்டியவன். நடைபாதையில் மாமா அவர்களை மறித்தார்.

“சந்தோசமோ?” என்றார். கண்கள் சிவந்திருந்தன. “பொலிஸ்காரனை உள்ளுக்க போட உன்னால ஏலேல்லை. அதுக்கு என்ர பிள்ளையைப் போட்டிட்டாய்.”

“அடிச்சது நானில்லை, மாமா.”

“பயம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் வெளியில வந்திருப்பான். ஒரு சொல்லு!”

அவர் போய்விட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு நிலாணியைத் தின்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடும். உண்மை சொன்ன பெடியன் சிறைக்குப் போகிறான். ஒரு சொல்லும் சொல்லாத பொலிஸ்காரர் இந்த நேரம் எங்கோ ஒரு தெருவில் வேலையில் நிற்பார், இடுப்பில் அதே துப்பாக்கியோடு. அவளுக்கு அந்த நடைபாதையிலேயே எதையாவது எடுத்து உடைக்கவேண்டும் போல இருந்தது. உடைக்க அங்கே ஒன்றும் இல்லை. சுவரோடு பூட்டிய, உட்காரும் வாங்குகள் மட்டும் இருந்தன.

அந்த வாங்கு ஒன்றில் ஸ்டெபனி தனியாக இருந்தாள். நிலாணி யோசிக்காமல் அவளிடம் போனாள்.

“நான் வருந்துகிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஸ்டெபனி நிமிர்ந்து பார்த்தாள். “நீ யார்? அவனுடைய ஆளா?”

“மச்சாள். என் தம்பியையும்...” என்று தொடங்கினாள். பொலிஸ் சுட்டது, அறிக்கை, இரும்புக் கதவு, எல்லாவற்றையும் சொல்லவேண்டும் போல இருந்தது.

“எனக்கு உன் தம்பியைத் தெரியாது” என்றாள் ஸ்டெபனி. “என் மகன் கார் திருடப் போனான். அது எனக்குத் தெரியும், அதை எனக்கு எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்டான் என்று இன்றைக்குத்தான் தெரியும். அதைக் கேட்டபிறகும் உன் ஆள் அடித்திருக்கிறான். உன்னுடைய வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய?”

பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். லிஃப்ற்றுக்குக்கூட நிற்கவில்லை. படிக்கட்டுப் பக்கமாக வேகமாகப் போய் மறைந்தாள்.

நிலாணி அந்த இடத்திலேயே நின்றாள். யோகராணி மெதுவாக வந்து அவள் கையைப் பிடித்தார். ஆங்கிலத்தில் பேசியது முழுதும் விளங்காவிட்டாலும், விளங்கவேண்டியது அவருக்கு விளங்கியிருந்தது.

“விடு பிள்ளை. அவ செய்தது சரி” என்றார். “அந்தப் பொலிஸ்காரன்ர ஆக்கள் ஆரும் வந்து எனக்கு உப்பிடிச் சொல்லியிருந்தால், நானும் எழும்பித்தான் போயிருப்பன்.”